நினைவுத் தூணடியில் ஒரு புதையல் வேட்டை



புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் செவி சாய்க்காத மனிதர் அரியர். பாழடைந்த மண்டபத்தின் அடியிலோ, பழைய வீட்டுச் சுவரின் நடுவிலோ ஒரு செப்புக்குடம் நமக்காகவே காத்துக் கிடப்பதாக எண்ணிக்கொள்வதில் எல்லோர்க்கும் ஓர் இன்பம் உண்டு. பெரியவர்களுக்கே இப்படியென்றால், பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த ஆசையையே வழித்துணையாகக் கொண்டு வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட இயலுமா என்று நாங்கள் சிலர் அண்மையில் ஒரு முயற்சி செய்து பார்த்தோம். அதில் பிள்ளைகள் கற்றது எவ்வளவு என்று அளந்து சொல்ல இயலவில்லை. ஆனால் பிள்ளைகளிடமிருந்து நாங்கள் கற்றது ஒன்று உண்டு. அதைத் தங்களுக்குச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

மைசூர் ராமாபுரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருபது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். சென்ற இடம் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூர் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் தீவு அது. திருச்சிக்கருகே அரங்கன் பள்ளிகொண்ட தீவைப் போலவே, இங்கும் ஆற்றின் நடுவே அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். இதனை ஆதிரங்கம் என்பர். ஒரே ஆறு, ஒரே பெருமான். ஆகையால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வூர் அயலூராகத் தோன்றுவதில்லை.

கோட்டையின் மேற்குப் பக்கத்தில், ஆற்றை நோக்கியவாறு, வானளாவும் ஊசி போன்ற ஒரு கல்தூண் நிற்கிறது. 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஆங்கிலக் கம்பெனியின் படை இக்கோட்டையைத் தாக்கிப் பிடித்ததற்கும், அம்முற்றுகையில் மாண்ட அதிகாரிகளுக்கும் நினைவாக, 1907இல் மைசூர் அரசு எழுப்பிய தூண் இது. அப்பொழுது அரியணையில் இருந்தவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். சுற்றுலா வருவோர் இதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கல்லில் உள்ளதைப் படிப்போர் மிகச் சிலரே. இத்தூணடியைத்தான் எங்கள் வேட்டையின் தொடக்கமாகவும் முடிவாகவும் வைத்துக்கொண்டோம்.

வேட்டை தொடங்குமுன் பிள்ளைகளுக்கு மூன்று விதிகளைச் சொன்னோம். எதையும் தோண்டக்கூடாது, எதன்மேலும் ஏறக்கூடாது, எந்தக் கல்லிலும் கீறக்கூடாது. இவ்விதிகள் விளையாட்டுக்காக மட்டும் வகுத்தவை அல்ல. புதையல் இருக்கிறதென்ற வீண்பேச்சை நம்பி, நள்ளிரவில் கடப்பாரையோடு சென்று பழங்கோயில்களையும் வீரர் கற்களையும் பெயர்த்தெறியும் கொடுமை நம் நாட்டில் இன்னும் நின்றபாடில்லை. அத்தகையோர்க்குப் பொன் கிடைத்ததோ இல்லையோ, நமக்கு இழப்பு கிடைத்தது உறுதி. மேலும், மண்ணிற் கிடைக்கும் புதையல் கண்டெடுத்தவருக்கே உரியதென்று எண்ணுவதும் தவறு. 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. இதைக் கேட்டதும் ஒரு சிறுவன், “பத்து ரூபாய்க்கு இக்காலத்தில் என்ன ஐயா கிடைக்கும்?” என்றான். சட்டம் இயற்றிய காலத்தில் பத்து ரூபாய்க்கு இருந்த மதிப்பை விளக்கிவிட்டு, முதற் சீட்டைக் கையில் கொடுத்தோம்.

அச்சீட்டில் இவ்வாறு எழுதியிருந்தோம்: போர் நடந்த ஆண்டைக் கண்டுபிடி. தூண் நட்ட ஆண்டைக் கண்டுபிடி. பின்னதிலிருந்து முன்னதைக் கழி. வரும் எண் வைணவர்க்கு நன்கு தெரிந்த எண். அவ்வெண்ணுக்குரிய திருப்பதிகளில் முதலாவதாகச் சொல்லப்படும் ஊரின் பெருமானே இத்தீவிலும் இருக்கிறார். அவர் வாசலுக்குப் போ.

பிள்ளைகள் தூணைச் சுற்றி வந்து கல்லைப் படித்தனர். 1907இலிருந்து 1799ஐக் கழித்தனர். 108 என்று வந்தது. “திவ்விய தேசம்! ஸ்ரீரங்கம்!” என்று ஒரு சிறுமி கூவினாள். அவ்வளவுதான். ஐந்து அணிகளும் அரங்கநாதர் கோயிலை நோக்கி ஓடின. ஓடும்பொழுது அவர்கள் ஓர் உண்மையைத் தம்மையறியாமலே கற்றுக்கொண்டிருந்தனர். போர் முடிந்து 108 ஆண்டுகள் கழித்து வைத்த நினைவுக்கல் அது. போரைக் கண்ணாற் கண்டவர் ஒருவரும் அதை நடும்பொழுது உயிரோடில்லை.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மையார் ஒருவரிடம் இரண்டாவது சீட்டைக் கொடுத்து வைத்திருந்தோம். அரசனின் அரண்மனை இக்கோயிலுக்கு அருகில்தான் இருந்தது; இக்கோயிலுக்குத் திப்பு வழங்கிய வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றி மைசூர்த் தொல்லியல் துறையினர் குறித்து வைத்திருக்கின்றனர்; அவ்வரசன் வீழ்ந்து கிடந்த இடத்தைத் தேடிச் செல் என்பது சீட்டின் செய்தி. கோயிலிலிருந்து சிறிது தொலைவில், மரங்களுக்கிடையே, திப்பு சுல்தானின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடம் இதுவென்று காட்டும் ஒரு கல் இருக்கிறது. அரசனுக்குரிய ஆடம்பரம் எதுவும் அங்கே இல்லை. அன்று மாலை, கோட்டை வாயிலருகே குவிந்து கிடந்த உடல்களுக்கு நடுவிலிருந்து விளக்கொளியில் தேடித்தான் அவன் உடலை அடையாளம் கண்டனர். மறுநாள், தந்தை ஹைதர் அலி துயிலும் கும்பஸ் மண்டபத்தில் அவனை அடக்கம் செய்தனர். பிள்ளைகள் அந்தக் கல்லின் முன் சற்று நேரம் ஓசையின்றி நின்றனர். அமைதியாக இருங்கள் என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை.

மூன்றாவது சீட்டு அவர்களைக் கோட்டைக்கு வெளியே, கிழக்கேயுள்ள தரியா தௌலத் தோட்ட மாளிகைக்கு அனுப்பியது. 1784இல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை அது. அதன் மேற்குச் சுவரில் ஒரு பெரிய போர்க்காட்சி தீட்டப்பெற்றிருக்கிறது. யானையும் குதிரையும் வாளும் வேலும் நெருக்கமாகக் கலந்த காட்சி. நடுவே பல்லக்கில் ஓர் ஆங்கிலத் தளபதி அமர்ந்திருக்கிறார். இவர் யார், இப்போர் எங்கே நடந்தது என்பது கேள்வி. போர் நடந்த இடம் பொள்ளிலூர். நம் காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள ஊர். நாள் 1780 செப்டம்பர் 10. தோற்றவர் கர்னல் பெய்லி. அவர் சிறைப்பட்டு இவ்வூருக்குக் கொண்டுவரப்பெற்று, 1782இல் இங்கேயே இறந்தார். காஞ்சிக்கருகே நடந்த போரை மைசூருக்கருகே சுவரில் காண்பது பிள்ளைகளுக்குப் பெருவியப்பாக இருந்தது.

நான்காவது சீட்டு இவ்வாறு: அப்போரில் பெய்லியோடு சிறைப்பட்டான் ஓர் இளைஞன். மூன்றாண்டுகளுக்கு மேல் இவ்வூர்ச் சிறையில் கிடந்தான். விடுதலை பெற்றுச் சென்றவன், பொள்ளிலூர்ப் போருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் படையோடு திரும்பி வந்தான். அவன் நுழைந்த வழியைப் பார்த்து நிற்கும் இடத்துக்குப் போ.

அவ்விளைஞன்தான் டேவிட் பெயர்டு. மே 4ஆம் நாள் நண்பகல் கழிந்து, வெயில் கடுமையாக இருந்த வேளையில், காவிரியின் பாறைப் படுகையைக் கடந்து மதிலின் உடைப்பு வழியே படையை நடத்தியவர் அவரே. பிள்ளைகள் திரும்பவும் தூணடிக்கு வந்து, ஆற்றைப் பார்த்தனர். ஏன் மே மாதம் என்று கேட்டோம். மூத்த மாணவன் ஒருவன், “ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும், மழை வந்துவிட்டால் கடக்க முடியாது” என்றான். சரியான விடை. தென்மேற்குப் பருவமழை பெய்து காவிரி பெருகிவிட்டால் முற்றுகை நிற்காது. திப்பு காத்திருந்ததும் அந்த வெள்ளத்தைத்தான். ஆங்கிலத் தளபதி ஹாரிஸ் அஞ்சியதும் அந்த வெள்ளத்தைத்தான். அவருடைய படையில் உணவுத் தட்டுப்பாடும் இருந்தது. சில வாரங்கள் நகர்ந்திருந்தால், வரலாறு வேறு வழியில் சென்றிருத்தல் கூடும்.

இனி ஐந்தாவது சீட்டு. அதில் ஒரே ஒரு வரி இருந்தது: இத்தூணில் பெயர் இல்லாதவர்களைக் கண்டுபிடி.

நேயர்களே, நாங்கள் எதிர்பார்த்த விடை எளிது. கோட்டையைக் காத்து மாண்ட மைசூர் வீரர்களின் பெயர்கள் இதில் இல்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரி என்று கூறிக் கடலை மிட்டாய்ப் பெட்டியைத் திறந்துவிடலாம் என்று எண்ணியிருந்தோம். பிள்ளைகளும் அவ்வாறே சொன்னார்கள். தோற்ற பக்கத்தில் அன்று ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வென்றவர் நட்ட கல்லில் தோற்றவர் பெயர் இராதென்பது சிறுவர்க்கும் விளங்குகிறது.

ஆனால் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அந்த விடையோடு நிற்கவில்லை. கல்லில் உள்ள பெயர்களை மறுபடியும் விரலால் தொடர்ந்து படித்தாள். பிறகு எங்களை நோக்கி, “ஐயா, இவர்களெல்லாம் படையை நடத்தியவர்கள் என்றீர்களே, படை எங்கே?” என்று கேட்டாள்.

நாங்கள் பலமுறை பார்த்த தூண் அது. ஆயினும் இக்கேள்வி எங்களுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

படை எங்கே? 1799 பிப்ரவரியில் ஹாரிஸின் படை புறப்பட்ட இடம் வேலூர். அப்படையில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய எளிய குடும்பத்தவர். மாதச் சம்பளத்துக்காகச் சிவப்புச் சட்டை அணிந்து, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைக் கடந்து, இந்த ஆற்றங்கரைக்கு வந்தவர்கள். எதிர்ப்பக்கத்தை நோக்கினால், கோயம்புத்தூர்ப் பகுதி அவ்வாண்டு வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஆகவே கோட்டைக்கு வெளியேயும் தமிழ் ஒலித்திருக்கும், உள்ளேயும் ஒலித்திருக்கும். ஒரே காவிரி நீரை உண்டவர்கள் மதிலின் இருபுறமும் நின்றனர். அவர்களுள் மாண்ட எளிய சிப்பாய் எவனுடைய பெயரும் இத்தூணில் இல்லை. அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் உண்டு.

அன்று இவ்வூரில் நடந்த உண்மையான புதையல் வேட்டையையும் இங்கு நினைவுகூர வேண்டும். கோட்டை விழுந்த இரவில் வென்ற படையினர் வீடு வீடாகப் புகுந்து கொள்ளையடித்தனர். பின்னர் வெல்லிங்டன் பிரபு என்று புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, சிலரைத் தூக்கிலிட்டும் பலரைக் கசையாலடித்தும் அதை அடக்கினார். அதன்பின் முறையான பங்கீடு நடந்தது. அரண்மனைச் செல்வம் பதினொரு லட்சம் பவுனுக்கு மேல் என்று மதிப்பிட்டனர். தளபதி ஹாரிஸுக்குக் கிடைத்த பங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுனுக்கு மேல். ஐரோப்பியச் சிப்பாய்க்கு ஏறத்தாழ ஏழு பவுன். நம் நாட்டுச் சிப்பாய்க்கு ஏறத்தாழ ஐந்து.

திப்புவின் பொற்சிங்காதனத்தை உடைத்தனர். அதன் புலித்தலையும் ஹுமா என்னும் பறவையும் இன்று ஆங்கில அரசரின் விண்ட்ஸர் அரண்மனையில் உள்ளன. ஆங்கிலேயன்மேல் பாய்ந்து உறுமும் மரப்புலிப் பொம்மை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திப்புவின் படுக்கையறை வாள் ஒன்று 2023ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்து, ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுனுக்கு விற்றது. இக்கொள்ளையின் நினைவு ஆங்கில இலக்கியத்திலும் நுழைந்தது. 1868இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ என்ற துப்பறியும் நாவல், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தாக்குதலோடுதான் தொடங்குகிறது.

வெற்றியின் நினைவாகக் கம்பெனி ஒரு பதக்கமும் வார்ப்பித்தது. சிங்கம் புலியை வீழ்த்துவதாக அதில் ஒரு காட்சி. பெருந்தளபதிகளுக்குப் பொன்னாலும், அடுத்த படியினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியாலும், அதற்கடுத்தவர்க்கு வெள்ளியாலும், பின்னர் வெண்கலத்தாலும், கடைசியில் சாதாரணப் படைவீரர்க்கு வெள்ளீயத்தாலும் அப்பதக்கங்கள் அமைந்தன. பணத்தில் ஒரு பங்கீடு. பதக்கத்தில் ஒரு பங்கீடு. நூறாண்டுக்குப் பின் கல்லை நட்டபொழுதும் அதே பங்கீடுதான் நடந்தது. மேலோர்க்குப் பெயர் கிடைத்தது. ஐந்து பவுன் பெற்றவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

தூணை எழுப்பியவர்களைக் குறை கூறுவது எங்கள் கருத்தன்று. அக்கால உலக வழக்கு அது. 1917இல் பிரிட்டனில் போர்க்கல்லறைக் குழு அமைந்தபொழுதுதான், பதவி வேறுபாடு கருதாமல் மாண்டோர் அனைவரையும் பெயரால் நினைவுகூர வேண்டுமென்ற கொள்கை பிறந்தது. அக்கொள்கையும் எல்லோர்க்கும் எட்டவில்லை. முதல் உலகப்போரில் ஈராக்கில் மாண்டோருக்காகப் பஸ்ராவில் எழுப்பிய நினைவகத்தில், இந்தியச் சிப்பாய்கள் பலரைப் பெயரின்றிப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாகவே குறித்தனர். இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 பேருக்குக் குறையாதோர் இவ்வாறு சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்பதையும், ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கேனும் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் அமையவில்லை என்பதையும் 2021இல் அக்குழுவே ஆராய்ந்து வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. அச்சிறுமி விரலால் தொட்டுக் கேட்ட கேள்வியை உலகம் கேட்பதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள்.

அவ்வாறாயின், எளியவனுக்குப் பெயர் பொறித்துக் கல் நடும் வழக்கம் நம்மிடம் இருந்ததே இல்லையா? இருந்தது; மிகச் சிறப்பாக இருந்தது. மிட்டாய்ப் பெட்டியைத் திறக்குமுன், அத்தூணடியிலேயே பிள்ளைகளை அமரவைத்து இரண்டு கற்களின் கதையைச் சொன்னோம்.

முதற்கல், ஸ்ரீரங்கப்பட்டணம் அமைந்துள்ள இதே மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் ஆத்தகூர். கி.பி. 949ஆம் ஆண்டு அரக்கோணத்துக்கருகே தக்கோலத்தில் சோழர்க்கும் இராட்டிரகூடர்க்கும் பெரும்போர் நடந்தது. முதற் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். அவனைக் கொன்றவன் இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன். அப்போரில் வீரங்காட்டிய மணலேரன் என்பானை நோக்கி, வேண்டுவதைக் கேள் என்றான் பூதுகன். மணலேரன் பொன்னும் கேட்கவில்லை, பூமியும் கேட்கவில்லை. மன்னனிடமிருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் அந்நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது. இரண்டும் ஒருங்கே மாண்டன. நாய்க்காக ஆத்தகூர்க் கோயிலின் முன் கல் நட்டு, நிலமும் விட்டனர். அந்நிலத்தை ஆளும் பூசாரி, கல்லை வணங்காமல் உண்பானாயின் நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்றும் எழுதி வைத்தனர். நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்தோடு கூடிய அக்கல், பெங்களூர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது கல் நம் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் உள்ள எடுத்தனூரைச் சேர்ந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் அது. கால்நடைகளைக் கவர வந்தவர்களோடு போராடி இறந்தான் கருந்தேவக்கத்தி என்னும் வீரன். அவனருகே நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்தது அவனுடைய நாய். வீரன் பெயரோடு, கோவிவன் என்ற அந்நாயின் பெயரையும் கல்லில் பொறித்தனர். சிற்பத்திலும் அந்த நாய் தன் தலைவன் பக்கத்தில் நிற்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தனர். நாய்க்குப் பெயரா என்று வியந்தனர். சற்றுப் பொறுத்துச் சிரிப்பு அடங்கிற்று. ஒரு சிறுவன் தூணை அண்ணாந்து பார்த்து, “காளிக்கும் கோவிவனுக்கும் பெயர் இருக்கிறது” என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுச் சிற்றூரான் தன் வேட்டை நாய்க்குச் செய்த மரியாதையை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வாற்றைக் கடந்து மாண்ட சிப்பாய்க்கு எவரும் செய்யவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க உரையாசிரியர் வேண்டுமோ?

மிட்டாய்ப் பெட்டியைத் திறந்தோம். வென்ற அணிக்குப் பெரும் பங்கு என்று முன்பே அறிவித்திருந்தோம். ஆனால் அன்றைய பேச்சுக்குப் பின் அவ்வாறு பங்கிட எவருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைகளே எண்ணிப் பார்த்து, தலைக்கு இரண்டாகச் சமமாகப் பிரித்துக்கொண்டனர். பூ விற்கும் அம்மையாருக்கும் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தனர்.

திரும்பும் வழியில், வண்டியின் பின்னிருக்கையிலிருந்த சிறுவன் ஒருவன், தன் தாயின் ஊரில் ஏரிக்கரையில் ஒரு கல் இருப்பதாகவும், அதில் வில்லேந்திய ஓர் ஆள் இருப்பதாகவும், ஆடிமாதத்தில் மஞ்சள் பூசுவதாகவும், கல்லின் மேற்பக்கத்தில் ஏதோ எழுத்து இருப்பதாகவும் சொன்னான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். எவருக்கும் தெரியாது என்றான். அதுவரை களைத்துக் கிடந்த பிள்ளைகள் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். அடுத்த வேட்டை எங்கே என்பது அந்தக் கணத்திலேயே முடிவாயிற்று.

நேயர்களே, நம் ஊர்களில் இத்தகைய கற்கள் எத்தனையோ உள்ளன. சில துணி துவைக்கும் கற்களாகக் கிடக்கின்றன. சில சாலை விரிவுக்கும் மனைப்பிரிவுக்கும் இடையே புதைந்துபோகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே, 2017ஆம் ஆண்டு இருப்புப்பாதையை இரட்டிப்பாக்க வேண்டி வந்தபொழுது, திப்பு காலத்து ஆயுதக்கிடங்கு ஒன்றை இடித்துத் தள்ளாமல், அடித்தளத்தோடு பெயர்த்து நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தனர். மனம் இருந்தால் ஒரு கட்டடத்தையே காக்கலாம் என்பதற்கு அது சான்று. ஒரு கல்லைக் காப்பது அதனினும் எளிது. பெங்களூர் ஹெப்பாளத்தில் ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்த கன்னட வீரர்கல் ஒன்றைப் பொதுமக்களே முயன்று மீட்டு, அதற்கென மண்டபமும் அமைத்திருக்கின்றனர். அக்கல்லின் நாயகன் பெயர் கிட்டய்யன். அவன் பெயரை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்பொழுது, பிள்ளைகளோடு ஒரு நாள் இவ்வேட்டைக்குப் புறப்படுங்கள். கடப்பாரை வேண்டாம். ஒரு குறிப்பேடும் ஒரு புகைப்படக் கருவியும் போதும். ஏரிக்கரை, கோயில் வெளிச்சுற்று, பழைய வழித்தடம் ஆகிய இடங்களில் தேடுங்கள். எழுத்துள்ள கல்லைக் கண்டால், சாய்ந்து விழும் காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ படம் எடுங்கள். அந்த ஒளியில்தான் தேய்ந்த எழுத்து தெளிவாகத் தெரியும். எழுத்தை எடுப்பாக்க எண்ணிச் சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர்கள். கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் அக்கல்லைப் பற்றிக் கூறும் செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களோடு அச்செய்தியும் மறைந்துவிடலாம்.

1799இல் இத்தீவில் அள்ளிச் சென்ற பொன்னும் மணியும் எங்கெங்கோ போய்விட்டன. அவற்றுள் பலவற்றை நாம் திரும்பக் காணப்போவதில்லை. வேலூரிலிருந்து நடந்து வந்து இவ்வாற்றைக் கடந்த சிப்பாயின் பெயரையும் நம்மால் இனி மீட்க இயலுமா என்பது ஐயமே. ஆனால் நம் ஊர் ஏரிக்கரையில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும் வீரனின் பெயர் இன்னும் கல்லிலேயே இருக்கிறது. படிப்பார் வரட்டும் என்று அது காத்திருக்கிறது.

அச்சிறுவனின் தாயின் ஊருக்கு அடுத்த மாதம் போகவிருக்கிறோம். இம்முறை சீட்டு எழுதும் வேலை எங்களுக்கு இல்லை. ஏரிக்கரைக் கல்லே ஒரு சீட்டாக இருக்கிறது. அதில் என்ன பெயர் இருந்தாலும், அதை முதலில் உரக்கப் படிக்கும் உரிமை தூணடியில் கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கே என்று பிள்ளைகள் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கின்றனர்.